மறுபடி டீச்சர்

துணி மாட்டும் கிளிப் ஒன்றைக் கொடியின் இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு நகர்த்துகிறார் டீச்சர். அதற்குப் பிறகுதான் அடுத்த வாக்கியம். மணி காலை ஐந்தேகால். எதிரே நிற்பது பிள்ளைகள் அல்ல, பச்சை வர்ணம் அடித்த குளியலறைக் கதவு. கதவில் ஒரு முக்கோணம் வரைந்து வைத்திருக்கிறார். அதன் மூன்று கோணங்களைக் கூட்டினால் நூற்றெண்பது பாகை வரும் என்பதை ஆங்கிலத்தில், நிறுத்தி நிதானமாக, கதவுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு வாக்கியத்துக்கு ஒரு கிளிப். இருபது கிளிப்பும் அந்தப் பக்கம் போய்ச் சேர ஐந்து நிமிடம் ஆக வேண்டும். நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டால் எல்லாவற்றையும் இழுத்துப் பழைய இடத்தில் சேர்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்.

கதவுக்கு உள்ளேயிருந்து மகளின் குரல் வருகிறது. "அம்மா, எனக்கு ஆறு மணிக்கு காலேஜ் பஸ். முக்கோணத்தைக் கொஞ்சம் நகத்துனா நான் வெளிய வருவேன்."

"இன்னும் மூணு கிளிப்தான். பொறு."

டீச்சருக்கு வயது நாற்பத்தாறு. ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத கனத்த குரல். தனியார் பள்ளி ஒன்றில் பதினோரு வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'மறுபடி டீச்சர்'. கணக்கைத் தப்பாகப் போட்டவனைத் திட்ட மாட்டார், முகம்கூடச் சுளிக்க மாட்டார். நோட்டை அவன் பக்கம் திருப்பி வைத்து "மறுபடி" என்பார். சரியாகப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பவளுக்கும் தப்பிக்க வழியில்லை. "வேற வழியில போடு, மறுபடி." தனக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது அவருக்குத் தெரியும். "கூப்பிட்டுட்டுப் போகட்டும். கெட்ட வார்த்தை இல்லையே" என்பார்.

சான்றிதழ்களை ஒரு நீலக் கோப்பில் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஏழு நகல். பள்ளி வேனில் போகும்போது கோப்பை மடியில் படுக்க வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொள்வார். மழைக்காலத்தில் குடை கோப்புக்கு மேல் இருக்கும், டீச்சர் நனைந்துகொண்டு வருவார். அந்த வேனை ஓட்டுவது அவருடைய கணவர்தான். "எங்க வீட்டுக்கு ரெண்டு பொண்ணு. மூத்தது காலேஜ் போகுது, சின்னது அந்த ஃபைல்" என்று அவர் மற்ற டிரைவர்களிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு.

இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் இந்த எண்ணம் டீச்சருக்குள் விழுந்தது. கடல் தாண்டி எங்கோ ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர் தேவை என்று மகளின் கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்தது. மகள் சும்மா காட்டினாள். டீச்சர் சும்மா பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே விண்ணப்பம் போனது. மகளின் படிப்புச் செலவு ஒரு காரணம். ஒழுகும் கூரை இன்னொரு காரணம். வெளியே சொல்லாத மூன்றாவது காரணம் ஒன்று இருந்தது. பதினோரு வருடமாக அவர் 'தற்காலிகம்'. ஒவ்வொரு ஜூனிலும் "இந்த வருஷம் இருக்கீங்களா டீச்சர்?" என்று அலுவலகத்தில் கேட்பார்கள். இருக்கிறேன் என்று அவரும் ஒவ்வொரு ஜூனிலும் சொல்ல வேண்டும்.

முதல் நேர்காணல் வீடியோவில் நடந்தது. மகள் தோழியிடம் மடிக்கணினி இரவல் வாங்கி வந்திருந்தாள். அந்தப் பக்கம் இரண்டு பேர். அவர்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் டீச்சருக்கு விடை தெரிந்திருந்தது. தெரிந்ததை ஒரே மூச்சில் சொன்னார். அவர்கள் முகத்தில் ஒரு புன்னகை உறைந்து நின்றது. திரும்பச் சொல்ல முடியுமா என்று ஐந்து தடவை கேட்டார்கள். ஐந்து தடவையும் டீச்சர் முன்னைவிட வேகமாகச் சொன்னார். பன்னிரண்டாவது நிமிடத்தில் நன்றி சொல்லி வணக்கம் போட்டுவிட்டார்கள்.

"என் இங்கிலீஷ் அவ்வளவு மோசமா?" என்று மகளிடம் கேட்டார்.

"மோசம் இல்லம்மா. ரயிலு. எந்த ஸ்டேஷன்லயும் நிக்காத ரயிலு."

அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். நாற்பது நிமிடப் பாடவேளையில் வருகைப்பதிவும் சத்தம் அடக்குவதும் போக மிஞ்சுவது முப்பது நிமிடம். அந்த முப்பது நிமிடத்துக்குள் பாடத்தைத் திணித்துத் திணித்து நாக்குக்கு ஓட்டம் பழகிவிட்டது. அதை நடக்கப் பழக்க வேண்டும். மறுநாள் காலையிலேயே கிளிப்புகள் கொடியேறின.

யாரோ சொன்னார்கள் என்று ஒரு ஏஜெண்டையும் போய்ப் பார்த்தார். மாடியில் ஏசி அறை, சுவர் முழுக்க விமானப் படம். ஏஜெண்ட் கோப்பைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"டீச்சர் வேலை கஷ்டம் மேடம். வயசு வேற நாப்பத்தாறுங்கறீங்க. பேசாம வீட்டு வேலை விசால போயிடுங்க. குழந்தையைப் பாத்துக்கற வேலைதான். அங்க போய் மெதுவா ஸ்கூலுக்கு மாறிக்கலாம். எத்தனையோ பேரு அப்படித்தான் போயிருக்காங்க."

"அப்படி மாறுனவங்க ஒருத்தரோட நம்பர் குடுங்க. பேசிட்டு வர்றேன்."

ஏஜெண்ட் மேஜையில் இருந்த பேனாவை இடம் மாற்றி வைத்தார். "அவங்க எல்லாம் பிஸியா இருப்பாங்க மேடம்."

டீச்சர் கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நான் போனா டீச்சரா போறேன். இல்லன்னா இங்கயே டீச்சரா இருக்கேன். நடுவுல வேற எதுவும் வேணாம்." படி இறங்கி வந்தார். வேனில் காத்திருந்த கணவரிடம், "அந்த ஆளு சரியில்ல" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு எல்லாம் நேரடியாகத்தான். ஒவ்வொரு பள்ளியின் இணையதளத்தையும் தேடித் தானே விண்ணப்பித்தார். நாற்பத்து மூன்று விண்ணப்பம் போட்டதில் பாதிக்குமேல் பதிலே இல்லை. மறுப்பு வந்தவற்றில் காரணம் சொல்லியிருந்தால் அதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். கணவருக்கு இதைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவர் சண்டை போடுகிற மனிதர் அல்ல. ஆனால் ஒருநாள் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, முகம் காட்டாமல் கேட்டார்.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா? ரெண்டு வருஷம் கழிச்சு வந்தா உனக்கு நாப்பத்தெட்டு."

"இங்கயே இருந்தாலும் நாப்பத்தெட்டுதாங்க."

கணவர் தட்டைத் துடைத்து அடுக்கிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

பயிற்சிக்கு மகள்தான் வெளிநாட்டுப் பிள்ளை. நாற்காலியில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு, சூயிங்கம் மெல்வதுபோல வாயை அசைத்துக்கொண்டு உட்காருவாள். ஒருநாள் குறை எண்களைக் குறை எண்களால் பெருக்குவது பாடம். மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் என்று டீச்சர் சொல்லி முடித்து, கிளிப்பை நகர்த்தினார்.

"ஏன் மிஸ்?" என்றாள் மகள்.

"அது ரூல்."

"ரூல் போட்டது யாரு மிஸ்? ஏன் போட்டாங்க? அங்க எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் கேக்குமாம்."

டீச்சர் கிளிப்பைப் பழைய இடத்துக்கே இழுத்தார். பதினோரு வருடத்தில் இந்தக் கேள்வியை ஒரு பிள்ளையும் அவரிடம் கேட்டதில்லை. கேட்க நேரம் கொடுத்தால்தானே கேட்கும் என்று தோன்றியபோது அவருக்கு உள்ளூர ஒரு வெட்கம் வந்தது. "தெரியல. பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றார். மகள் விளையாட்டாகக் கேட்டதை அன்றே மறந்துவிட்டாள். டீச்சர் மறக்கவில்லை. பழைய புத்தகங்களைப் புரட்டினார். எல்லாவற்றிலும் விடை இருந்தது, பதிமூன்று வயதுப் பிள்ளைக்குக் காட்டுகிற மாதிரி இல்லை. ஐந்து நாள் சாப்பாட்டில் உப்பு முன்னே பின்னே ஆனது.

ஆறாம் நாள் காலை, பள்ளி வாசலில் கணவர் வேனைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். டீச்சர் திடீரென்று கைப்பேசியை நீட்டிப் படம் பிடிக்கத் தொடங்கினார். முடித்ததும் மகளுக்குப் போன் போட்டு, படத்தைத் தலைகீழாக ஓட்ட என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். சாயங்காலம் வீட்டில் மூவரும் அதைப் பார்த்தார்கள். வேன் பின்னால் போகிறது, அது மைனஸ். படத்தைப் பின்னாலிருந்து ஓட்டினால் அதுவும் மைனஸ். இரண்டும் சேர்ந்தபோது வேன் ஜம்மென்று முன்னால் வந்தது.

"இத்தனை வருஷமா வண்டி ஓட்டுறேன். இதுல கணக்கு இருக்குன்னு யாரும் சொல்லலையே" என்று கணவர் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்.

நாற்பத்து நான்காவது விண்ணப்பத்துக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. அந்தப் பக்கம் தலைமையாசிரியை மட்டும், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். டீச்சர் மேஜைக்கு அடியில், கேமராவில் படாமல், ஒரு கயிற்றில் கிளிப்புகளை நகர்த்திக்கொண்டே பேசினார். கடைசியில் ஒரு கேள்வி வந்தது. பிள்ளை கேட்கும் கேள்விக்கு உங்களுக்கு விடை தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்?

"தெரியாது என்பேன். தேடிக்கொண்டு வந்து சொல்வேன்" என்று டீச்சர் ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு கிளிப் நகர்ந்தது. "போன மாதம் ஒரு கேள்விக்கு எனக்கு ஆறு நாள் ஆனது." பிறகு வேன் படத்தைப் போட்டுக் காட்டினார். தலைமையாசிரியை கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு பார்த்தார். பக்கத்து அறையிலிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டு மறுபடியும் போடச் சொன்னார்.

நான்கு நாளில் கடிதம் வந்தது. ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை கணக்கு, இரண்டு வருட ஒப்பந்தம். கீழே ஒரு நிபந்தனை: ஐந்து வருடமாவது ஆசிரியராக வேலை பார்த்ததற்குப் பள்ளியின் அனுபவச் சான்று வேண்டும். மாதக் கடைசிக்குள் அனுப்பினால்தான் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும்.

பதினோரு வருடம் இருக்கிறதே என்று டீச்சர் தெம்பாகத்தான் அலுவலகத்துக்குப் போனார். எழுத்தர் பதிவேட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சரம்மா, இதுல உங்களை ஆசிரியைன்னு போட்டே ரெண்டு வருஷம்தான் ஆகுது. அதுக்கு முன்னாடி ஒம்பது வருஷமும் 'அலுவலக உதவியாளர்'னுதான் இருக்கு."

வேலைக்குச் சேர்ந்தபோது டீச்சரிடம் ஆசிரியப் பட்டம் இல்லை. தபால் வழியில் படித்து மூன்றாம் வருடமே வாங்கிவிட்டார். வாங்கியதை அலுவலகத்தில் கொடுத்தும் இருந்தார். பதிவேட்டில் மாற்ற யாருக்கும் கை வரவில்லை, உதவியாளர் என்றால் சம்பளமும் உதவியாளர் சம்பளம்தானே. வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒன்பது வருடமும் காகிதத்தில் அவர் கோப்பு அடுக்கிக்கொண்டிருந்தார்.

தாளாளர் பெரிய கெட்டவர் அல்ல. கடன் வாங்கிப் பள்ளி நடத்துகிறவர், எந்நேரமும் எதையாவது நினைத்துப் பயந்துகொண்டிருப்பவர். "ரெக்கார்டுல என்ன இருக்கோ அதைத்தான் டீச்சர் எழுத முடியும். நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்ல கேட்டா நான் என்ன சொல்ல?" என்று முடித்துவிட்டார்.

மறுநாளிலிருந்து நாலு மணிக்கு மணி அடித்ததும் டீச்சர் அவர் அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். தர்ணா எல்லாம் இல்லை. பரீட்சைத் தாள் திருத்துவார். தாளாளர் வெளியே வந்தால் எழுந்து நிற்பார். "நாளைக்குப் பாப்போம் டீச்சர்" என்பார் அவர். "சரிங்க சார்" என்பார் இவர். நாளைக்கு அதே பெஞ்ச். வீட்டில் கணவர் நிம்மதியில்லாமல் நடந்தார். "நம்ம ரெண்டு பேரு பொழப்பும் அவர் கையிலதான் இருக்கு. ரொம்ப இழுக்காத. அறுந்துடும்."

ஆறாம் நாள் தாள் திருத்தி மதிப்பெண் பதிவேட்டில் ஏற்றும்போது டீச்சரின் கை நின்றது. பக்கத்தின் கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம் இருக்கும். இடப்பக்கம் 'வகுப்பாசிரியர்'. வலப்பக்கம் 'சரிபார்த்தவர்: தாளாளர்'.

பழைய பதிவேடுகள் மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் கிடந்தன. உடைந்த பெஞ்ச், விளையாட்டு விழா வளையம், கரையான் மண். சனிக்கிழமை பள்ளி விடுமுறை. எழுத்தரிடம் சாவி வாங்கிக்கொண்டு டீச்சர் தனியாக உள்ளே போனார். அரைமணி நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது. கணவர், மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேல் தட்டில் இருந்த மூட்டையை இறக்க ஆரம்பித்தார். அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அந்த ஒன்பது வருடத்தில் ஏழு வருடத்துப் பதிவேடுகள் கிடைத்துவிட்டன. இரண்டைக் கரையான் தின்றிருந்தது.

திங்கட்கிழமை ஏழையும் தாளாளரின் மேஜைமேல் அடுக்கினார். கணவர் வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"சார், ரெக்கார்டுல இருக்கறதைத்தான் எழுதுவேன்னு சொன்னீங்க. ரெக்கார்டு கொண்டு வந்திருக்கேன்."

தாளாளர் முதல் பதிவேட்டைத் திறந்தார். இடப்பக்கம் டீச்சரின் கையெழுத்து. வலப்பக்கம் அவருடையது, இப்போது போடுவதைவிட நீளமான வால் வைத்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டுக் கடைசியில் நாற்காலியில் சாய்ந்தார். அதிகாரக் குரல் போய்விட்டிருந்தது.

"நீங்க பாட்டுக்குப் போயிடுவீங்க டீச்சர். பத்தாம் வகுப்புக் கணக்கை யாரு எடுக்கறது? இத்தனை வருஷமா கணக்குல ஒரு பிள்ளை ஃபெயில் ஆகல. அது யாராலன்னு எனக்குத் தெரியாதா?"

"இப்ப சொன்னீங்களே சார். அதையே எழுதிக் குடுங்க."

தாளாளரின் பார்வை வாசலுக்குப் போனது. "நீ என்னப்பா சொல்ற?" என்று டிரைவரைக் கேட்டார். கேள்விக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று மூவருக்கும் தெரியும்.

டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் கணவரைக் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும் என்று நேராகவே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் என்ன சார் சொல்றது" என்றது பின்னாலிருந்து வந்த குரல். "ஏழு புக்கையும் தூசி தட்டுனது நான்தான்."

சான்று மறுநாள் வந்தது. கணக்கு ஆசிரியை, பதினோரு ஆண்டுகள். அடுத்த வாரம் வேனின் ரூட் மாறியது. கணவர் இப்போது ஊருக்கு வெளியே கல்குவாரிப் பக்கம் போய்வர வேண்டும், ஒரு மணி நேரம் முன்னதாகவே எழுந்தாக வேண்டும். "அந்தப் பக்கம் நல்ல காத்து" என்கிறார். டீச்சர் அவருக்கு முன்பே எழுந்து டீ போட்டு ஃப்ளாஸ்கில் ஊற்றி வைக்கிறார்.

விசா வந்துவிட்டது. அடுத்த மாதம் பயணம். பத்தாம் வகுப்புக்குப் பாடங்களை முன்கூட்டியே முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்று தாளாளரிடம் தானாகவே சொல்லி, சனிக்கிழமையும் வகுப்பு எடுக்கிறார். மகள் சமைக்கப் பழகிக்கொண்டிருக்கிறாள், கணவர் அதைச் சாப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறார். ஆனால் டீச்சர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், விசா வருவதற்கு மூன்று வாரம் முன்பு, விசா மையத்தில் விரல்ரேகை எடுத்த அன்று அவரைப் பார்த்திருக்க வேண்டும்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் இளம்பெண். முன்னால் சின்னக் கண்ணாடிப் பலகை. விரலை வைத்தால் பச்சை விளக்கு எரிய வேண்டும். டீச்சர் வலக்கையை வைத்தார், சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தார், சிவப்பு. ஈரத்துணி கொடுத்தார்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் பதிந்தன. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் பதியவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

"ரேகையே இல்லையேம்மா. பாத்திரம் கழுவுற வேலையா?" என்று அந்தப் பெண் கேட்டாள். கிண்டல் இல்லை, படிவத்தைப் பார்க்காமல் கேட்டுவிட்டாள்.

"டீச்சர்."

"டீச்சருக்கு எப்படி இப்படித் தேயும்?"

"எங்க ஸ்கூல்ல போர்டு அழிக்க டஸ்டர் கிடையாது. விரலாலதான் அழிப்பேன்."

அந்தப் பெண் அப்போதுதான் படிவத்தைப் பார்த்தாள். "பதியலன்னா இன்னொரு நாள் வரச் சொல்லிடுவாங்க மேடம். கடைசியா ஒரு தடவை வைங்க. நல்லா அழுத்தி வைங்க."

டீச்சர் கோப்பைக் கீழே வைத்தார். அத்தனை மாதத்தில் அந்தக் கோப்பு தரையைத் தொட்டது அன்றுதான். மற்ற இரண்டு விரல்களும் அழுத்தியதும் பதிந்துவிட, மிஞ்சிய கட்டைவிரலைக் கண்ணாடியில் வைத்தார். அதன்மேல் இடது உள்ளங்கையை வைத்தார். காலை அகட்டி நின்று, தோள் இரண்டும் இறங்க, உடம்பின் முழு பாரத்தையும் அந்த ஒரு விரலில் கொடுத்தார். சிவப்பு மினுங்கியது. மினுங்கிக்கொண்டே இருந்தது. பிறகு பச்சை.

"பதிஞ்சிருச்சு மேடம், எடுக்கலாம்" என்றாள் அந்தப் பெண். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறையும் சொன்னாள். டீச்சர் அழுத்திக்கொண்டே இருந்தார்.